ஒரு நகரும் ஒரு நண்பர் குழுவும்: கும்பகோணம் எழுத்தாளர்களின் படைப்பு வாழ்வு

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தோற்றுவாய்

பாலாற்றின் அருகே அமைந்த இந்நகரில் ஓர் இலக்கிய மன்றம் பத்தாண்டுகளை நிறைவு செய்திருப்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியாகும். பட்டும் கோயிலும் பெருமை சேர்க்கும் காஞ்சி வட்டாரத்தில், பகலெல்லாம் தறியிலும் கடையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் உழைப்பவர்கள் மாலையில் ஓரிடத்தில் கூடித் தாம் எழுதியவற்றை ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டுகிறார்கள். வெளியிலிருந்து நோக்குவார்க்கு இஃது எளிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் இச்செயலுக்குள் ஒரு வினா அடங்கியுள்ளது. படைப்பு என்பது தனிமையில் பிறப்பது. கவிஞன் ஒருவனாகவே அமர்ந்து எழுதுகிறான். அவ்வாறாயின் எழுத்தாளர்க்குக் குழு எதற்கு? கூடிப் பேசுவதால் இலக்கியம் வளருமா, கைதட்டல் மட்டுமே வளருமா?

காணாமலே நட்புப் பூண்ட பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் போற்றிய மரபு தமிழ் மரபு. புலமையும் நட்பும் இணைந்து நிற்பது தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும் மேற்கண்ட வினாவிற்கு விடை காண அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இருபதாம் நூற்றாண்டில், காஞ்சியைப் போலவே பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற மற்றொரு நகரில் வாழ்ந்த சில நண்பர்களின் வாழ்க்கையே விடையாக நிற்கிறது. அந்நகரம் கும்பகோணம்.

ஊரும் காலமும்

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடைப்பட்ட கும்பகோணம் கல்விக்கும் பெயர் பெற்றது. 1854இல் தோன்றிய அதன் கல்லூரியில் உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்தார். கணிதமேதை இராமானுஜன் சில காலம் அங்குப் பயின்றார். பழமையும் புதுக்கல்வியும் சந்தித்த அவ்வூரில் தமிழ்ச் சிறுகதையும் புதுக்கவிதையும் வேர்கொண்டதில் வியப்பில்லை.

1933ஆம் ஆண்டு செப்டம்பரில் கு. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் சென்னையில் 'மணிக்கொடி'யைத் தொடங்கினர். அது பின்னர் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் 1935இல் சிறுகதைகளுக்கென்றே உரிய இதழாயிற்று. அவ்விதழில் எழுதியவர்களுள் ந. பிச்சமூர்த்தி, கு.ப. ராஜகோபாலன், மௌனி, எம்.வி. வெங்கட்ராம் ஆகிய நால்வரும் கும்பகோணத்தோடு நெருங்கிய தொடர்புடையவர்கள். இவர்களோடு அடுத்த தலைமுறையினராகிய தி. ஜானகிராமனையும் கரிச்சான் குஞ்சுவையும் சேர்த்துக்கொண்டால், ஒரு சிறு நகரம் ஒரு மொழியின் உரைநடைக்கு அளித்த கொடையின் அளவு விளங்கும். இவர்கள் அமைப்பு எதனையும் நிறுவியவர்கள் அல்லர். தலைவர், செயலர், சந்தா, பதிவேடு என எதுவும் இவர்களிடம் இல்லை. இருந்தவை நட்பும், படிக்கும் பழக்கமும், ஆற்றங்கரையும், தெருத் திண்ணையும் மட்டுமே.

இரட்டையர்

பிச்சமூர்த்தி 1900ஆம் ஆண்டிலும் கு.ப.ரா. 1902ஆம் ஆண்டிலும் கும்பகோணத்தில் பிறந்தவர்கள். இருவரின் நட்பின் நெருக்கம் கருதி அவர்களை இரட்டையர் என்றே இலக்கிய உலகம் அழைத்தது. இவ்விரட்டையரின் எழுத்தோ ஒன்றற்கொன்று சிறிதும் ஒத்ததன்று. வழக்கறிஞராகத் தொழில் நடத்திப் பின் கோயில் நிர்வாக அலுவலராகப் பணியாற்றிய பிச்சமூர்த்தி, இயற்கையையும் வேதாந்தச் சிந்தனையையும் எளிய மனிதர்களின் வாழ்வோடு இணைத்துக் கண்டவர். கு.ப.ரா.வோ இல்லத்தின் நான்கு சுவர்களுக்குள், பெரும்பாலும் ஒரு பெண்ணின் மனத்துக்குள், நிகழ்வதையே தம் களமாகக் கொண்டவர்.

அவருடைய 'விடியுமா?' என்னும் சிறுகதை ஈண்டு எண்ணத்தக்கது. கணவர் சென்னையில் அபாய நிலையில் இருப்பதாகத் தந்தி வருகிறது. மனைவியும் அவளுடைய தம்பியும் இரவு இரயிலில் கும்பகோணத்திலிருந்து புறப்படுகின்றனர். கதையின் பெரும்பகுதி அந்த இரயில் பயணமே. அச்சமும் நம்பிக்கையும் மாறிமாறி வரும் அந்த நீண்ட இரவில், துயரத்திற்கும் ஒருவகை விடுதலைக்கும் இடையே மனம் ஊசலாடுவதைக் கு.ப.ரா. உரத்த சொல் ஒன்றுமின்றிக் காட்டிவிடுகிறார். பெண்ணின் அகவாழ்வைப் பற்றி இவ்வளவு நுட்பமாகவும் துணிவாகவும் அதற்கு முன் தமிழ்ச் சிறுகதையில் எழுதியவர்கள் மிகச் சிலரே.

வசனகவிதையிலும் இருவரும் உடன் நின்றனர். பிச்சமூர்த்தி 1930களில் தொடங்கிய முயற்சி அக்காலத்துப் பண்டிதர்களின் ஏளனத்திற்கு ஆளாயிற்று. கு.ப.ரா.வும் அவ்வடிவில் எழுதினார். பல்லாண்டுகளுக்குப் பின், 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, பிச்சமூர்த்தியின் கவிதைகளே புதிய தலைமுறைக்கு வழிகாட்டின. புதுக்கவிதையின் தந்தை என்று அவர் போற்றப்பெறுவது பிற்காலத்துச் செய்தி. எவரும் போற்றாத காலத்தில் அவருக்குத் துணைநின்ற முயற்சிகளுள் கு.ப.ரா.வினது ஒன்று என்பதை மறத்தல் ஆகாது.

தங்கையின் எழுதுகோல்

கு.ப.ரா. வருவாய்த் துறையில் பணியேற்று மேலூரில் வேலை பார்த்தவர். முப்பது வயதைக் கடந்த நிலையில் கண்புரை நோய் அவர் பார்வையைப் பறித்தது. பணியைத் துறந்து கும்பகோணம் திரும்பினார். நிலையான வருவாய் நின்றது. குடும்பப் பொறுப்போ நிற்கவில்லை. அந்நிலையில் அவர் சொல்லச்சொல்ல எழுதியவர் அவருடைய தங்கை கு.ப. சேது அம்மாள். பின்னர் அறுவை மருத்துவத்தால் பார்வை திரும்பியது. இருண்ட அந்நாட்களில் கதைகள் தாளில் ஏறியதற்குக் காரணம் தங்கையின் கையே.

சேது அம்மாள் எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை. தாமே சிறுகதைகள் எழுதினார். மணிக்கொடிக் காலத்துப் பெண் படைப்பாளர்களுள் ஒருவராக இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றார். எனினும், கும்பகோணத்து எழுத்தாளர்களைப் பட்டியலிடுவோர் பலர் இவர் பெயரை அடிக்குறிப்பில்கூடச் சேர்ப்பதில்லை. அண்ணனின் கதைகளை எழுதிக்கொடுத்தவர் என்பதோடு அவரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு கதை சொற்சொல்லாக உருவாவதை மிக அருகிலிருந்து கண்டவர், அப்பயிற்சியைத் தம் எழுத்தில் எவ்வாறு ஆண்டார் என்பது ஆய்வாளர்கள் விரிவாக எடுத்துக்கொள்ள வேண்டிய பொருளாகும்.

கரிச்சானும் குஞ்சும்

கு.ப.ரா. சென்னை சென்று இதழ்ப் பணிகளில் ஈடுபட்டார். மகாகவி என்னும் பெயருக்குப் பாரதி உரியவரா என்ற விவாதம் எழுந்தபோது, 'சிட்டி' பெ.கோ. சுந்தரராஜனுடன் இணைந்து 1937இல் 'கண்ணன் என் கவி' என்னும் நூலை எழுதிப் பாரதியின் பக்கம் நின்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மீண்டும் கும்பகோணம் வந்து சேர்ந்தார். உடல் தளர்ந்திருந்தது, கையில் பொருளும் இல்லை. ஆயினும் அவரைத் தேடி இளைஞர்கள் வந்தனர். தி. ஜானகிராமனும், எம்.வி. வெங்கட்ராமும், ஆர். நாராயணசாமி என்னும் இளைஞரும் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர். துறையூரிலிருந்து வந்த 'கிராம ஊழியன்' இதழின் ஆசிரியப் பொறுப்பு கு.ப.ரா.வுக்குக் கிட்டியபோது, அவ்விதழ் இவ்விளைஞர்களுக்கும் களமாயிற்று.

கு.ப.ரா. 'கரிச்சான்' என்னும் புனைபெயரிலும் எழுதியவர். கரிச்சான் ஒரு சிறு கரும்பறவை. நாராயணசாமி தமக்கு ஒரு புனைபெயர் தேடியபோது, 'கரிச்சான் குஞ்சு' என்று சூட்டிக்கொண்டார். ஆசிரியர் பறவையாயின் தாம் அதன் குஞ்சு என்பது பொருள். தமிழிலக்கியத்தில் குருபக்தியை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பெயர் வேறொன்றைக் காட்டுதல் அரிது.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் கு.ப.ரா. மறைந்தார். அப்போது அவருக்கு வயது 42. கால்களில் அழுகல் நோய் கண்டிருந்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்னும் மருத்துவ அறிவுரைக்கு அவர் இசையவில்லை. தேடிவந்த இளைஞர்கள் அனைவரும் இருபத்தைந்தை எட்டாதவர்கள். ஒருவரிடமும் பெருஞ்செல்வாக்கு இல்லை. அவர்கள் அன்பால் இயன்றதைச் செய்தனர். உயிரைக் காக்க அது போதவில்லை. அவர்கள் கையில் எஞ்சியது அவருடைய எழுத்து. அதனை அவர்கள் மறக்கவிடவில்லை. கரிச்சான் குஞ்சு தம் ஆசானின் வாழ்க்கையை நூலாக எழுதினார். எம்.வி. வெங்கட்ராம் 'என் இலக்கிய நண்பர்கள்' என்னும் தம் நூலில் நண்பர்களின் நினைவுகளைப் பதிந்தார். எழுத்தாளன் ஒருவனின் இரண்டாம் வாழ்வு அவன் நண்பர்களின் கையில் இருக்கிறது என்பதற்கு இவை சான்றுகளாம்.

குஞ்சு என்று தம்மை அழைத்துக்கொண்டவர் ஆசானின் நிழலிலேயே தங்கிவிடவும் இல்லை. வடமொழிப் பயிற்சி மிக்கவராய், மன்னார்குடியில் பள்ளி ஆசிரியராய் வாழ்ந்த கரிச்சான் குஞ்சு 1978இல் 'பசித்த மானிடம்' என்னும் நாவலைத் தந்தார். தொழுநோய் கண்ட கணேசன் என்னும் மனிதனை மையமாகக் கொண்டு, உடற்பசியையும் பொருட்பசியையும் ஒளிவுமறைவின்றிப் பேசும் நாவல் அது. கு.ப.ரா. தொடாத இடங்களுக்குத் துணிந்து சென்ற எழுத்து அது. மரபுக் கல்வியில் தோய்ந்த அவரே தேவிபிரசாத் சட்டோபாத்யாயாவின் பொருள்முதல்வாத நோக்கிலான இந்தியத் தத்துவ நூலையும் தமிழாக்கினார் என்பது அவர் மனத்தின் விரிவைக் காட்டும்.

பட்டும் தேனீயும்

இந்த அவையில் அமர்ந்திருப்போர்க்கு மிக அணுக்கமானவராக விளங்கக்கூடியவர் எம்.வி. வெங்கட்ராம் ஆவார். 1920இல் கும்பகோணத்தில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த அவரது தொழில் பட்டும் ஜரிகையும் சார்ந்த வாணிகம். பதினாறாம் வயதில் 'சிட்டுக்குருவி' என்னும் கதையோடு மணிக்கொடியில் அடியெடுத்து வைத்தவர். வாணிகத்தில் ஈட்டிய பொருளை வாணிகத்திலேயே இட்டிருப்பாராயின் செல்வராக வாழ்ந்திருக்கக் கூடும். அவரோ 1948இல் 'தேனீ' என்னும் இலக்கிய இதழைத் தொடங்கினார். கரிச்சான் குஞ்சு அதில் உடன் பணியாற்றினார். சில காலம் எழுதாதிருந்த மௌனியின் கதைகள் தேனீயில் வெளிவந்தன. இதழ் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அதில் அவர் கைப்பொருள் கரைந்தது. பின்னாளில் பதிப்பகத்தார்க்கு வாழ்க்கை வரலாற்று நூல்களையும் மொழிபெயர்ப்புகளையும் எழுதிக் குடும்பத்தைக் காக்கும் நிலை வந்தது.

மௌனியோடு அவர் கொண்ட நட்பிலும் சிக்கல் உண்டு. புதுமைப்பித்தனால் திருமூலரோடு ஒப்பிடப்பெற்றவர் மௌனி. மிகக் குறைவாக எழுதி, எழுதிய இருபத்துச் சொச்சம் கதைகளிலேயே தனியிடம் பெற்றவர். அவருடைய கதைகள் சிலவற்றைத் தாம் செப்பம் செய்ததாக எம்.வி.வி. எழுதியது இலக்கிய உலகில் விவாதத்திற்கு இடமளித்தது. நண்பரின் கைப்பிரதியில் கைவைக்கும் உரிமை எதுவரை செல்லும் என்னும் வினா அன்று எழுந்தது. கூடி எழுதும் எல்லாக் குழுக்களிலும் இன்றும் எழுவது அதே வினாதான்.

1975இல் வெளிவந்த 'வேள்வித் தீ' தறியின் இலக்கியம். சௌராஷ்டிர நெசவாளர் சமூகத்து இல்வாழ்க்கையையும், தறியை நம்பி வாழ்வோரின் இன்னல்களையும் கண்ணன், கௌசல்யா ஆகியோரின் வாழ்க்கை வழியே சொல்லும் நாவல் அது. பட்டுப் புடவையின் அழகைப் பாடியவர்கள் பலர். புடவை நெய்பவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று அவ்வீதிக்குள்ளிருந்தே கேட்டவர் எம்.வி.வி. அவர் வேறெங்கும் சென்று கதைப்பொருள் தேடவில்லை. தம் தெருவில் நாள்தோறும் கேட்ட தறியோசையே அவருக்குப் போதுமானதாயிற்று.

அவருடைய மற்றொரு பெரும்படைப்பு 'காதுகள்'. தம் காதுகளுக்குள் இடையறாது ஒலிக்கும் குரல்களால் அலைக்கழிக்கப்பெறும் மகாலிங்கம் என்பவனின் கதை. எம்.வி.வி. தம் வாழ்வில் பல்லாண்டுகள் பட்ட துன்பத்தையே அந்நாவலாக்கினார். 1993ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிட்டியபோது அவர் எழுபதைக் கடந்திருந்தார். முதற்கதை வெளிவந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்தே அவ்வங்கீகாரம் வந்தது. 2000ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி அவர் காலமானார்.

ஒரே நகரம், வெவ்வேறு குரல்கள்

இக்குழுவினுள் மிகப் பரந்த வாசகர் கூட்டத்தைப் பெற்றவர் தி. ஜானகிராமன். கும்பகோணம் கல்லூரியில் பயின்று, பத்தாண்டளவு பள்ளி ஆசிரியராக இருந்து, பின் வானொலியின் கல்வி ஒலிபரப்புப் பிரிவில் பணியாற்றியவர். 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வந்த 'மோகமுள்' கும்பகோணத்துத் தெருக்களையும் சங்கீதத்தையும் காவிரிக்கரையையும் நிலைபெறச் செய்தது. 'சக்தி வைத்தியம்' என்னும் தொகுதிக்கு 1979ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். காவிரியின் வழியே பயணம் செய்து, 1971இல் வெளிவந்த 'நடந்தாய் வாழி, காவேரி' என்னும் நூலை அவருடன் இணைந்து எழுதியவர் சிட்டி. 1937இல் கு.ப.ரா.வோடு இணைந்து எழுதிய அதே சிட்டிதான். ஆசானோடு தொடங்கிய கூட்டுறவு, இடையே முப்பத்துநான்கு ஆண்டுகள் கடந்து, மாணவரோடு தொடர்ந்ததைக் காண்க.

ஆறு எழுத்தாளர்களையும் ஒருங்கே நிறுத்திப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே காலம், ஒரே நண்பர் வட்டம். ஆயினும் ஒருவர் நடையைப் பெயர் நீக்கி மற்றவர் நடையோடு வைத்தால் பழகிய வாசகர் எளிதில் பிரித்தறிவர். நட்பு அவர்களை ஓர் அச்சில் வார்க்கவில்லை.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்றொரு நெசவு முறை உண்டு. புடவையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். தனித்தனி நாடாக்களைக் கொண்டு இரண்டையும் நெய்து, ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு கோப்பர். நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கரை உடலை விட்டுப் பிரிவதும் இல்லை. கும்பகோணத்து நண்பர்களின் உறவும் அத்தகையதே எனலாம்.

அவ்வுறவு அவர்களுக்குத் தந்தவை மூன்று. ஒன்று, முதல் வாசகர். இதழ் ஏற்குமோ ஏற்காதோ, எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்ல ஒருவர் இருந்தார். இரண்டு, வெளியிடக் களம். கிராம ஊழியனும் தேனீயும் நண்பர்களின் உழைப்பாலும் பொருளாலும் இயன்றவை. மூன்று, நினைவு. மறைந்தவரை இருப்பவர் எழுதினார். அக்குழுவால் தர இயலாதது ஒன்றும் உண்டு, அது வயிற்றுப்பாடு. கு.ப.ரா.வின் இறுதிக்காலமும் எம்.வி.வி.யின் பிற்கால உழைப்பும் அதனை உணர்த்துகின்றன.

குழுவில் இடம்பெறாதவர்கள்

பாராட்டோடு நிறுத்திக்கொள்வது ஆய்வு நெறியன்று. கும்பகோணத்து வட்டம் பெரும்பான்மையும் படித்த உயர்சாதி ஆடவரின் வட்டமாகவே இருந்தது. பெண்களைப் பற்றி அவர்கள் எழுதியவை மிகச் சிறந்தவை. உடன் அமர்ந்து எழுதிய பெண்களோ அரிதினும் அரியர். நெசவாளரின் வாழ்வு அவ்வட்டத்திற்குள் எம்.வி.வி. ஒருவர் வழியாகவே பெருமளவு நுழைந்தது. சுற்றியிருந்த வயல்களில் உழைத்தோரின் குரல் அவ்விலக்கியத்துள் தன்வயமாக ஒலிக்கவில்லை. அக்குரல் தன் மொழியில் எழுதத் தொடங்கியதும், தமிழிலக்கியம் அதனால் வளம் பெற்றதும் பிற்காலத்து வரலாறு.

இக்குறையைச் சுட்டுவது அவ்வெழுத்தாளர்களைச் சிறுமைப்படுத்தும் பொருட்டன்று. இன்று கூடும் மன்றங்கள் அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே கருத்து.

நிறைவுரை

பத்தாண்டு நிறைவு என்பது கணக்குப் பார்க்கும் பொழுது. எத்தனைக் கூட்டங்கள் நடந்தன, எத்தனைப் பொன்னாடைகள் போர்த்தப்பெற்றன என்னும் கணக்கு எளிது. எத்தனைக் கைப்பிரதிகள் கருத்தூன்றிப் படிக்கப்பெற்றன, எத்தனை முறை ஒரு நண்பர் மற்றொரு நண்பரிடம், "இப்பகுதி சரியாக அமையவில்லை, திருத்தி எழுதுங்கள்" என்று அன்போடு சொன்னார், அச்சொல்லைத் தாங்கிக்கொண்டு நட்பு நிலைத்ததா என்னும் கணக்கே கடினமானது. இலக்கிய மன்றம் ஒன்றின் உயிர் அக்கணக்கில்தான் இருக்கிறது.

வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் வேள்வித் தீக்கு நிகரான கதைகள் உள்ளன. பாவு தோய்வோரும், இழை சுற்றும் பெண்களும், தறியை விட்டு வேறு வேலை தேடிச் சென்றோரும் சொல்ல வேண்டியவை ஏராளம். அவர்களுள் எழுதத் தெரிந்தவர் இருப்பர். சொல்லத் தெரிந்து எழுத வாய்ப்பில்லாதவரும் இருப்பர். சேது அம்மாள் அண்ணனுக்குச் செய்ததை மன்றத்தார் அவர்களுக்குச் செய்யலாம். அவர்கள் சொல்லச்சொல்ல எழுதிக்கொள்ளலாம். அவர்கள் பெயரிலேயே வெளியிடலாம். எழுதிக்கொடுத்தவரின் பெயரையும் மறவாது குறிக்கலாம்.

மன்றம் அடுத்த மலரை வெளியிடும்போது அத்தகைய கைப்பிரதி ஒன்றேனும் அதில் அச்சேறியிருக்குமாயின், இப்பத்தாண்டு உழைப்பு பயன் தந்ததாகும்.